புட்டி தீர வேண்டிய நாள்

உ
திண்டிவனம்
6–3–1944

தங்கை வீரம்மாளுக்கு அக்கா கெங்கம்மாள் ஆசீர்வாதம். மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். அங்கே மாப்பிள்ளை சின்னக்கண்ணுவும் உன் மாமியாரும் பிள்ளைகள் இருவரும் எப்படி என்று எழுது. எழுது என்றால் ஒரு மாதம் கழித்து அல்ல.

பிரம்மதேசம் கல்யாணத்திலிருந்து திரும்பி நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் உன் மகள் அம்சவள்ளியைப் பற்றித்தான். ஒன்பது வயசுப் பெண்ணுக்குப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில்கூடத் தண்ணீர்ப் பானையோரம்தான் நின்றாள். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாதே. காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பதினேழு டம்ளர் குடித்தாள், ஒன்பது தடவை கொல்லைப் பக்கம் ஓடினாள். பந்தியில் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பெண்ணுக்கு முதுகெலும்பு தெரிகிறது.

நான் கேட்டதற்கு "வளர்ற பொண்ணு, அப்படித்தான்க்கா" என்றாய். வளர்கிற பெண் வளரும், தேயாது. ஊரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. நாளைக்கே கூட்டிப் போ.

உன் அக்கா
கெங்கம்மாள்

விழுப்புரம்
15–3–1944

அன்புள்ள அக்காவுக்கு வீரம்மாள் நமஸ்காரம். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். மாமாவின் இடுப்பு வலி தேவலையா? இவருக்கு மல்லாட்டை மண்டியில் சீசன் வேலை, நிலக்கடலை வரத்து அதிகம். விடியுமுன் காணை கிராமத்துப் பக்கம் கொள்முதலுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். சின்னவன் மாரியப்பன் இப்போது ஓடுகிறான், பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாய். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் வேப்பிலை சொருகியாகிவிட்டது அக்கா. ஆஸ்பத்திரியில் அம்மைக்காரர்களுக்குத் தனிக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம், ஆனால் உள்ளே போகிற வாசல் கேட்டு ஒன்றுதான். கால் புண்ணுக்கு மருந்து கட்டப் போன தயிர்க்காரி முகமெல்லாம் முத்தோடு திரும்பி வந்தாள். நன்றாக இருக்கிற பிள்ளையை அங்கே கொண்டுபோய் அம்மையை வாங்கி வருவதா?

இது உஷ்ணம்தான். கோயிலில் தினமும் பானகம் ஊற்றுகிறார்கள். அம்மன் பிரசாதமாயிற்றே என்று ஒரு செம்பு வாங்கி வந்து கொடுக்கிறேன், ஆசையாகக் குடிக்கிறாள். தூக்கத்தில் பாயை நனைத்துவிடுகிறாள். காலையில் பாயெல்லாம் எறும்பு. பங்குனி உத்திரம் கழியட்டும், பார்க்கலாம்.

வீரம்மாள்

திண்டிவனம்
18–3–1944

வீரம்மாளுக்கு,

க்ஷேம சமாசாரமெல்லாம் அப்புறம். பாயில் எறும்பு மொய்க்கிறது என்று எழுதிவிட்டு, அதற்கு முந்தின வரியில் ஒரு செம்பு வெல்லத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, உன் கையெழுத்தை நீயே ஒரு தடவை படித்துப் பார்க்க மாட்டாயா? கடைத்தெருப் பெரியவர்களுக்கு வருகிற நீரிழிவு குழந்தைக்கு வருமா என்று நானும் நம்பவில்லை. உன் மாமா ரயில்வே டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினார். அவர் எழுந்து நின்றுவிட்டாராம். "இன்னிக்கே, இந்த நிமிஷமே" என்றாராம்.

அம்மன் பானகம்தான். அம்மன் உனக்குப் புத்தியும் கொடுத்திருக்கிறாள், அதுவும் பிரசாதம்தான். உத்திரம் வரைக்கும் காத்திருக்காதே.

கெங்கம்மாள்

விழுப்புரம்
4–4–1944

அக்காவுக்கு வீரம்மாள் நமஸ்காரம். பதில் தாமதித்ததற்குக் கோபிக்காதே. உன் கடிதம் வந்த மறுநாளே அம்சவள்ளிக்கு வாந்தி கண்டது. பிறகு மூச்சு, கொல்லன் துருத்தி மாதிரி. வாயில் அழுகின பழ வாசனை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இவர் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் என்னைத்தான் பிடித்தார். "மூணு வாரமா எங்கம்மா போயிருந்தீங்க?"

"அம்மைக்குப் பயந்துக்கினு இருந்தோம் சாமி."

"எல்லாரும் இதையே சொல்லுங்க. சர்க்கர வியாதியில இது ரெண்டாவது கொழந்த. அம்மைக்குப் பயந்துக்கினு ஊட்லயே வெச்சிக்கினு இருந்து, மூச்சு இரைச்ச பெறகு தூக்கிக்கினு வர்றீங்க."

முதல் குழந்தை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். இன்சுலின் என்று ஒரு மருந்து, வாயால் சாப்பிடுகிறதில்லை. காலை சாயந்திரம் தொடையில் ஊசி. ஆயுசுக்கும் போட வேண்டுமாம். இவர் வீட்டில் தங்காததால் நான்தான் கற்றுக்கொண்டேன். சிறுநீரில் எட்டுச் சொட்டை நீல மருந்தில் விட்டு விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் பரவாயில்லை, மஞ்சள் ஆகாது, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. இப்போது பச்சை.

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியது ஒன்பதாம் தேதி வரைதான் வரும், கடையில் இன்சுலின் இங்கே கிடைக்கவில்லை. யுத்தத்தால் கப்பல் வரவில்லையாம். பட்டணத்தில் மாமா விசாரிப்பாரா?

வீரம்மாள்

திண்டிவனம்
9–4–1944

வீரம்மாளுக்கு அக்கா ஆசீர்வாதம். குழந்தை பிழைத்ததற்கு அம்மனுக்கு மாவிளக்கு போட்டேன். உன்னைத் திட்ட வேண்டியதைப் பிறகு திட்டுகிறேன்.

மாமா பட்டணம் போய் இரண்டு கடை ஏறி இறங்கிப் புட்டி வாங்கி வந்தார். ஈர மணல் போட்ட கூஜாவில் வைத்து, ரயில் கார்டு சவுரிராயன் கையில் இன்றைய வண்டியில் அனுப்புகிறேன். உன் வீட்டிலும் ஈர மணலிலேயே வை. அடுப்பங்கரையில் வைத்தாயானால் நானே வந்து உன் கையை அடுப்பில் வைப்பேன்.

இதில் நானூறு யூனிட். வேளைக்குப் பத்து, ஒரு நாளைக்கு இருபது. நாளைக் காலை ஆரம்பித்தால் இருபது நாள். இம்மாதம் இருபத்தொன்பதாம் தேதி சாயந்திரத்தோடு தீரும். தீருவதற்கு நாலு நாள் முன்பே எனக்கு எழுது. தினமும் என்ன நிறம் என்று குறித்து அனுப்பு. இங்கே ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

கெங்கம்மாள்

விழுப்புரம்
20–4–1944

அக்காவுக்கு நமஸ்காரம். புட்டி பத்திரமாக வந்தது. பத்து நாள் நிறமும் தனிக் காகிதத்தில் இருக்கிறது. முதல் மூன்று நாள் மஞ்சள், பிறகு பச்சை, முந்தாநாளும் நேற்றும் நீலம். அம்சவள்ளிக்குக் கன்னம் வைத்திருக்கிறது. ஊசி கொதிக்கும்போது கொடுக்காப்புளி மரத்தின்மேல் ஏறிக்கொள்கிறாள். "எறங்குடி" என்றால் "நீயே ஏறி வந்து குத்து" என்கிறாள். பிறகு தானே இறங்கி வந்து, ஊசியில் மருந்து இழுத்த கோடு சரியாக இருக்கிறதா என்று என்னை அதட்டுகிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற அதிகாரம்.

எதிர்வீட்டிலும் வேப்பிலை. முனிசிபாலிடியிலிருந்து அம்மை குத்துகிறவர் வந்தார். அம்சவள்ளிக்குப் பள்ளிக்கூடத்திலேயே குத்தியாயிற்று. மாரியப்பன் தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை.

வீரம்மாள்

திண்டிவனம்
1–5–1944

வீரம்மாளுக்கு,

உன் புட்டி நேற்று முன்தினம் தீர்ந்திருக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி உன் கடிதம் வரும் என்று பார்த்தேன். இருபத்தாறு, இருபத்தேழு, இல்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார், பாவம், அவர் என்ன செய்வார். இரண்டாவது புட்டி இங்கே மணலில் கிடக்கிறது. தண்ணீர் தெளித்துத் தெளித்து என் கைதான் ஊறிப்போயிற்று.

நீரிழிவுக்காரரான உங்கள் மண்டி முதலாளியிடமிருந்து மருந்தை இரவல் வாங்கினாயா? வேறு யாராவது பட்டணத்திலிருந்து கொண்டுவந்தார்களா? ஒரு கார்டு எழுத உனக்குக் கை வலிக்கிறதா? மூன்றே வார்த்தை எழுது. நிறம் என்ன?

கெங்கம்மாள்

விழுப்புரம்
3–5–1944

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். புட்டியில் இன்னும் கால் பங்கு இருக்கிறது. அவசரமில்லை. அம்சவள்ளிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, தாளிக்காத குழம்பு பிடிக்கவில்லை என்கிறாள். வேறொன்றுமில்லை. வெயில் அதிகம். நீ இப்போது வர வேண்டாம்.

வீரம்மாள்

திண்டிவனம்
5–5–1944

வீரம்மா,

கால் பங்கு என்றால் நூறு யூனிட். முந்நூறுதான் போயிருக்கிறது. பதினைந்து நாள். ஆகவே ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி சாயந்திரத்தோடு ஊசியை நிறுத்தியிருக்கிறாய். இன்றைக்குப் பதினோரு நாள்.

தாளிக்காத குழம்பு என்று எழுதிவிட்டாய். எந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? எந்த வீட்டில் எண்ணெய் காயாது, தலை சீவ மாட்டார்கள், ஊசி எடுத்துத் துணி தைக்க மாட்டார்கள், வைத்தியம் என்ற பேச்சே எடுக்க மாட்டார்கள்? ஆத்தா யார் மேல் இறங்கியிருக்கிறாள்? மாரியப்பன் மேல்தானே? அதைச் சொல்லாமல் வெயிலைப் பற்றி எழுதுகிறாய்!

உன் மாமியார் அஞ்சம்மாளின் வேலைதான் இது. அந்தம்மாளிடம் சொல், ஆத்தா துணி தைக்கிற ஊசிக்குத்தான் கோபித்துக்கொள்வாள், உயிர் தைக்கிற ஊசிக்கு அல்ல. நாளைக் காலை பாசஞ்சரில் வருகிறேன். இந்தக் கடிதம் சவுரிராயன் கையில் இன்றே வந்து சேரும். நீ தடுத்து எழுத நேரமில்லை.

கெங்கம்மாள்

விழுப்புரம்
11–5–1944

அவர்களுக்கு, கெங்கம்மாள் நமஸ்காரம். புருஷன் பெயரை எழுதாவிட்டாலும் ரயில்வே பார்சல் ஆபீசில் உங்கள் கைக்குத்தான் வரும். இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறீர்களா? கேப்பைக் கூழை முதல் நாளே கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டல் வேண்டாம்.

ரயிலில் வரும்போது வீரம்மாளைத் திட்ட வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் வேப்பிலை. நிலைப்படிக்கு உள்ளே மஞ்சள் தண்ணீர். பையன் முனகுகிற சத்தம் கேட்டது. என் பையில் புட்டி, ஊசி, விளக்கு. உங்களிடம் மறைக்கவில்லை: அத்தனை எழுதினவளுக்குக் கால் எழவில்லை. ஊசியோடு அந்தப் படியைத் தாண்ட என்னால் முடியவில்லை. தெருவிலேயே நின்றேன்.

"வீரம்மா, பொண்ணு எங்க?"

"தூங்குதுக்கா."

"பகல் பன்னெண்டு மணிக்கு இன்னா தூக்கம்? எழுப்பு."

அந்த அஞ்சம்மாள்தான் குழந்தையைத் தூக்கி வந்து என் கையில் போட்டது. "இட்டுக்கினு போ. இங்க நின்னு பாக்காத, ஜல்தி போ!" கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. எவ்வளவு ஆங்காரம் பாருங்கள். நானும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன். அம்சவள்ளி துணிமூட்டை மாதிரி கனமே இல்லாமல் இருந்தாள். மூச்சு மட்டும் பெரிய ஆள் மூச்சு.

ஆஸ்பத்திரி கேட்டில் காவல்காரர் மறித்தார். "எந்தத் தெரு? அம்மை ஊட்டுக் கொழந்தையா? அப்ப கொட்டாய்க்குப் போ."

"இது அம்மை இல்லய்யா, சர்க்கர."

"சர்க்கரைக்கு ரேஷன் கடைல போய் நில்லு, இங்க ஏன் வந்த?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆத்தாவே என் மேல் இறங்கிவிட்டாள் போலும். நான் போட்ட கூச்சலில் டாக்டர் வெளியே வந்தார். அழாமல் நோட்டைத்தான் நீட்டினேன். பத்து நாள் நிறம், ஊசி நின்ற தேதி, எல்லாம் அதில் இருந்தது. அவர் ஒரு பக்கம் படித்தார், என்னைத் திட்டக்கூட இல்லை. அம்மைக் கொட்டகையும் வேண்டாம், பொது வார்டும் வேண்டாம் என்று பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கட்டில் போடச் சொன்னார். மூன்று நாள் கையில் குழாய், ஊசி, மறுபடி ஊசி. நாலாம் நாள் காலை கண் திறந்து, "பசிக்குது பெரிம்மா" என்றாள். ஸ்வாமி, அந்த வார்த்தைக்கு நான் எத்தனை தேங்காய் உடைக்க வேண்டுமோ.

வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. பையனுக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைக்கும்வரை ஊசி அங்கே நுழையாது. சின்னக்கண்ணு முதலாளியைக் கேட்டு மண்டிக் கிடங்கில் ஒரு மூலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் பெரியம்மாவும் மகளும் குடித்தனம். "ஒண்ணே ஒண்ணு பெரிம்மா" என்று நாள் முழுக்க மூட்டையைப் பார்க்கிறாள். வீரம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவள் வரக்கூடாது, நான் போகக்கூடாது. திண்டிவனத்தில் இருக்கிற நீங்கள்கூடக் கிட்டே, அவள்தான் சிங்கப்பூரில் இருக்கிற மாதிரி.

கெங்கம்மாள்

விழுப்புரம்
25–5–1944

அக்காவுக்கு வீரம்மாள் நமஸ்காரம். நேற்று மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. மாரியப்பன் எழுந்து உட்கார்ந்தான், கூழ் கேட்டான். இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. வலது கண் நன்றாகத் தெரிகிறது. விரல் காட்டிப் பார்த்தேன்.

இதை அத்தை கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரைத் திட்டாதே அக்கா. ஊசியை நிறுத்தாதே என்று சொன்னவரே அத்தைதான். "ஒண்ண காப்பாத்த ஒண்ண கேக்கிறவளாடி ஆத்தா?" என்று என்னோடு சண்டை போட்டார். நான்தான் கேட்கவில்லை. அன்று சாயந்திரம் அவளுக்கு ஊசி போட்ட கையோடு பையனைத் தூக்கினேன். உடம்பு கொதித்தது, நெற்றியில் முத்து. நான் அவனை அம்மை குத்தவும் விடவில்லை. என் கையைப் பார்த்தேன். இந்த ஊசிக்குத்தான் ஆத்தா கோபித்தாள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பேன், சொல்.

அப்போதே வேண்டிக்கொண்டேன். பிள்ளையைக் கொடு தாயே, இந்தக் கையால் இனி ஊசி தொட மாட்டேன் என்று. அவள் கொடுத்துவிட்டாள். வாக்கை எப்படி மாற்றுவேன்? இவர் இருட்டில் போய் இருட்டில் வருகிறவர். அத்தைக்குக் கண் மங்கல், கோடு பார்க்க முடியாது.

அம்சவள்ளியை நீயே உன்னோடு கூட்டிப் போய்விடு. உன் பிள்ளையாகவே இருக்கட்டும்.

வீரம்மாள்

விழுப்புரம்
29–5–1944

அவர்களுக்கு, கெங்கம்மாள் நமஸ்காரம். உடம்பு எப்படி என்று நீங்கள் இரண்டு கார்டிலும் எழுதவில்லை. வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வீரம்மாள் எழுதினதை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். கல்யாணமாகி இருபது வருஷம், நம் வீட்டில் பள்ளிக்கூடப் பை மாட்ட ஓர் ஆணி கூட அடித்ததில்லை. ஒரு ராத்திரி முழுதும் எனக்கும் அந்த ஆசை இருந்தது. காலையில் குளித்து, அம்மனைக் கும்பிட்டபோது ஆசை போய்க் கோபம்தான் மிஞ்சிற்று. அத்தை அஞ்சம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடு, நானும் உன்ன மனசுக்குள்ள திட்டினேன்" என்றார்.

இன்று சாயந்திரம் வீரம்மாள் முதல் தடவையாக வெளியே வந்தாள். கிடங்கு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. தலையில் இன்னும் மஞ்சள் ஈரம்.

"தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டியிருக்கலாம். மொட்ட போடறேன்னு வேண்டியிருக்கலாம். ஊரே கூழ் ஊத்துது. உனக்கு வேண்டிக்க வேற ஒண்ணும் கெடைக்கலயா?" என்றேன்.

"அந்த நேரத்துல யோசிச்சா வேண்டுவாங்க?"

"பொண்ண தூக்கிக் குடுக்க மட்டும் யோசிச்சியா?"

"குடுக்கலக்கா, பொழைக்க வைக்கிறேன்! நீ ஒரு பொண்ண பெத்திருந்தா..." என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். ஊசி போடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் நினைவில்லை.

"போதும் நிறுத்துங்க, ஒரே பேஜாரா கீது" என்று குரல் கேட்டது.

திரும்பினால், அம்சவள்ளி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கு எரிகிறது. ஊசி கொதித்து ஆறியிருக்கிறது. புட்டியைக் கவிழ்த்து மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஓடினேன். "கிட்ட வராத பெரிம்மா, கோடு தப்பிடும்" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். சரியாகப் பத்து. பாவாடையை ஒதுக்கித் தொடையில் ஒரு சிட்டிகை பிடித்தாள். உதட்டைக் கடித்தாள். குத்தினாள்.

வீரம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்சா, என் கண்ணு, நான் வேண்டிக்கினது..."

"நீதான் வேண்டிக்கின. நான் ஒண்ணும் வேண்டிக்கல. என் கை சும்மாத்தான் இருக்குது."

பிறகு ஊசியைத் துடைத்து, விளக்கை அணைத்து, எல்லாவற்றையும் பையில் வைத்துக் கட்டி, "தம்பிய பாக்கணும், வா" என்று அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தக் கையைத்தான். வீரம்மாள் எழுந்து அவள் பின்னால் போனாள். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் நடைக்காக அந்தப் பெண் மெதுவாக நடந்தாள். என்னை வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ஒரு வாரம் அம்மா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், பிறகு விடுங்கள் என்றார்.

நாளைக் காலை பாசஞ்சரில் வருகிறேன். ஸ்டேஷனில் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள், யாரிடமும் நின்று பேசவும் வேண்டாம். நேரே வீட்டுக்குப் போய்விடலாம். எனக்குக் கொஞ்சம் அழ வேண்டும்.

கெங்கம்மாள்